வரைந்தவன் ஒருவன், திறவுகோல் வேறொருவனிடம்

தச்சன் ஒருவன் உளி வாங்குகின்றான். விலையைக் கொடுத்த அந்நொடியிலிருந்து உளி அவனுடையது. அதைத் தீட்டலாம், பிடியை மாற்றலாம், மகனுக்குக் கொடுக்கலாம், பட்டறையை மூடிவிட்டாலும் பரணில் போட்டு வைக்கலாம். உளி விற்ற கொல்லன் பத்தாண்டு கழித்து வந்து, "இனி அவ்வுளி வெட்டாது; அதைக் கொண்டு நீ செய்த கதவும் திறவாது" என்று சொல்வானாயின், ஊரார் அவனை என்ன செய்வர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அதே பொருள்பட ஒரு மென்பொருள் நிறுவனம் பேசும்பொழுது, கற்றறிந்த பொறியாளர்கள் வாய் பேசாது தலையாட்டிக் கேட்டுக் கொள்கின்றனர். மின்னணுக் கருவிகளுக்குச் சுற்று வரையும் துறையில் அண்மைக் காலத்தில் நடந்தது இதுவே.

செருமனி நாட்டில் கேட்சாப்ட்டு என்னும் சிறு நிறுவனம் 1988ஆம் ஆண்டில் 'ஈகிள்' என்னும் வரைவு மென்பொருளை வெளியிட்டது. அதன் விலை அளவானது. சிறு பட்டறைக்காரர்க்கும் மாணவர்க்கும் எட்டக்கூடியது. 2000ஆம் ஆண்டளவில் அது இலினக்சு இயங்குதளத்திலும் ஓடத் தொடங்கிற்று. ஆகலின், விண்டோசை விட்டு விலகி நிற்க விரும்பிய மின்னணுவியலார் பலர்க்கு அதுவே புகலிடமாயிற்று. 100 மில்லிமீட்டர் நீளமும் 80 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட சிறு பலகையாயின் விலையின்றியே வரையலாம் என்றிருந்ததனால், ஓய்வுப் பொழுதில் கருவி செய்து மகிழ்வோரும் அதிலேயே கைப்பழகினர். 2009இல் அந்நிறுவனத்தைப் பிரீமியர் பார்னெல் வாங்கியது. 2016இல் ஈகிள் ஆட்டோடெசுக்கு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2017 சனவரியில், ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் வழக்கம் நின்றது. திங்கள்தோறுமோ ஆண்டுதோறுமோ பணம் கட்டினால்தான் கருவி வேலை செய்யும் என்னும் குடிக்கூலி முறை வந்தது. 2023 சூனில், ஈகிளின் வாழ்நாள் 2026 சூன் 7ஆம் நாளுடன் முடிகின்றது என்று அறிவிக்கப்பெற்றது. அதற்கு மாற்றாகக் காட்டப்பெற்றது அதே நிறுவனத்தின் 'பியூசன்'. அஃது ஓடுவது விண்டோசிலும் மேக்கிலுமே. இலினக்சுக்கென அஃது ஆக்கப்பெறவில்லை. பதினைந்து, இருபது ஆண்டுகள் அக்கருவியையே நம்பியிருந்த இலினக்சுப் பயனர் நடுத்தெருவில் நின்றார். பழைய விலையுரிமம் வைத்திருந்தோர் பழைய பதிப்பைத் தொட்டுத் தடவி ஓட்டலாம் என்பது உண்மைதான்; ஆனால், பழுது பார்ப்பாரற்ற கருவி எத்துணை நாளைக்கு?

இதில் இழப்பு என்ன என்று வினவுவார் உளர். ஒரு மென்பொருள் போனால் இன்னொன்று. இதற்கு ஏன் இத்துணை ஆரவாரம் என்பர். அவர்கள் சுற்று வரையும் வேலை எத்தகையது என்பதை அறியாதவர்கள்.

ஒரு நீரேற்றிக்கு வேண்டிய கட்டுப்பாட்டுக் கருவியை ஒருவர் ஆக்குவதாகக் கொள்வோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். முதலில் மின்சுற்று வரைபடம். எந்த மின்தடை எந்த மின்தேக்கியோடு இணைகின்றது, எந்தச் சில்லின் எக்கால் எங்குச் செல்கின்றது என்பதெல்லாம் அதில் கோடும் குறியுமாக நிற்கும். அடுத்து, ஒவ்வோர் உறுப்புக்கும் பலகையில் அமையவேண்டிய அடித்தடம். அஃதாவது, உறுப்பின் கால்கள் அமரும் துளைகளும் செப்புத் திட்டுகளும். இதில் அரை மில்லிமீட்டர் பிழைத்தாலும் உறுப்பு உட்காராது. அதன்பின், செப்புத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல், மின்னோட்டத்திற்கேற்ற அகலத்தோடு, இரண்டோ நான்கோ அடுக்குகளில் இழுத்துச் செல்லும் வேலை. மிகுந்த பொறுமையும் பட்டறிவும் வேண்டும் பகுதி இது. இவையெல்லாம் முடிந்தபின், கெர்பர் எனும் வடிவில் கோப்புகள் உண்டாக்கப்பெற்றுப் பலகை செய்யும் ஆலைக்குச் செல்லும். கெர்பர் கோப்பை உலகின் எந்த ஆலையும் படிக்கும். ஆனால், அஃது அச்சாகி வந்த நூலைப் போன்றது. அதில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமெனில் கையெழுத்துப்படி வேண்டும். அக்கையெழுத்துப்படிதான் வரைவு மென்பொருளின் கோப்பிற்குள் கிடக்கின்றது. அந்தப் பெட்டிக்குத் திறவுகோல் பிறனிடம் இருக்குமாயின், ஆண்டுக்கணக்கில் சேர்த்த அடித்தடங்களும், ஒவ்வொரு தடத்திலும் புதைந்துள்ள உழைப்பும் அவன் விருப்பின்மேல் நிற்பனவாகும். கருவி பழுதானால் ஒரு மின்தேக்கியை மாற்றி வரைவதற்குக்கூட இசைவு வேண்டி நிற்கவேண்டும்.

இயங்குதளத்தில் விடுதலை முன்பே வந்துவிட்டது. 1983இல் அமெரிக்க நாட்டு இரிச்சர்டு இசுடால்மன் குனூ முயற்சியை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்டுசு தம் இலினக்சுக் கருவை வெளியிட்டார். எவரும் இயக்கலாம், உள்ளே திறந்து பார்த்துக் கற்கலாம், திருத்தலாம், திருத்தியதையும் திருத்தாததையும் பிறர்க்கு வழங்கலாம் என்னும் நான்கு உரிமைகளும் சட்ட வலிவோடு எழுதி வைக்கப்பெற்றன. இதனைக் 'கட்டற்ற மென்பொருள்' என்று தமிழில் வழங்குவது மிகப் பொருத்தம். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் நிற்பதனால் அம்மொழியார் இன்றளவும் விளக்கம் சொல்லிக் களைக்கின்றனர். தமிழுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. ஈகிள் சிறுபலகைக்கு விலையின்றிக் கிடைத்தது. ஆனால் ஒருநாளும் கட்டற்று இருந்ததில்லை. தூண்டிலில் குத்திய புழுவும் மீனுக்கு விலையின்றியே கிடைக்கின்றது.

ஆனால், நிலம் கிடைத்தது, ஏர் கிடைக்கவில்லை. இலினக்சுக்கு வந்த மின்னணுவியலார் சுற்று வரையக் கருவி தேடியபொழுது, 1990களில் அவர்க்குக் கிடைத்தவை மிகச் சிலவே. செருமனியின் தாமசு நவ் என்பார் 1990இல் அட்டாரி கணினிக்கென எழுதிப் பின்னர் யூனிக்சுக்குக் கொண்டு வந்த பலகை வரைவி ஒன்று இருந்தது. 1998இல் ஏலெசு எவெசுதா என்பார், கட்டற்ற தளத்தில் தமக்கு வேண்டிய வரைவுக் கருவி எதுவும் இல்லாத கரணியத்தால், 'கெடா' என்னும் முயற்சியைத் தாமே தொடங்கினார். பல்லாண்டுகள் அதுவே இலினக்சாரின் கைக்கோல். வழங்கும் நிறுவனம் தம் தளத்திற்கு ஆக்காத கருவிகளை 'வைன்' என்னும் இடையீட்டின் வழியே நொண்டி நொண்டி ஓட்டியோரும் பலர்.

இதிலொரு முரண் கருதத்தக்கது. பெருஞ்சில்லுகளை வடிக்கும் பெருநிறுவனங்களின் வரைவுக் கருவிகள் இன்று பெரும்பாலும் ஓடுவது இலினக்சின்மேல்தான்! கேடன்சு, சினாப்சிசு போன்றோர் விற்கும் கருவிகள் எளியவர் நெருங்கவொண்ணாக் கட்டணத்தோடும் கடுங்கட்டுப்பாட்டோடும் அக்கட்டற்ற தளத்தின்மேல் அமர்ந்துள்ளன. பொதுநிலத்தில் மாளிகை எழுப்பி, வாயிலில் காவலும் நிறுத்தி வைத்த கதை அது.

இதற்கு நேர்மாறான வரலாறும் இத்துறைக்கு உண்டு; அஃது இன்னும் பழையது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், உரோகரர் என்னும் பேராசிரியரிடம் பயின்ற மாணவர்கள், மின்சுற்றின் நடப்பைக் கணினியிலேயே கணித்துக் காட்டும் நிரல் ஒன்றை எழுதினர். அக்காலத்து இத்தகைய நிரல்கள் பலவும் படைத்துறைப் பணத்தில் பிறந்தவை. அணுக்கதிர் வீச்சில் சுற்று என்னாகும் என்று கணிப்பதும் அவற்றின் வேலைகளுள் ஒன்று. போரை வெறுத்த பெர்க்கிலி மாணவர்கள், கதிர்வீச்சைக் கணிப்பது தம் நிரலின் வேலையன்று என்பதை அதன் பெயரிலேயே பொதிந்து வைத்தனர். உரோகரர் வெளியேறியபின், அவர் மாணவர் இலாரன்சு நேகல், தொனால்டு பீடர்சன் என்னும் பேராசிரியரிடம் சென்றார். பீடர்சன் ஒரு நிலைப்பாடு வைத்தார்: நிரலைப் புதுக்கி எழுதவேண்டும், எழுதியபின் அஃது எவர்க்கும் தடையின்றிக் கிடைக்கவேண்டும். அவ்வாறு பிறந்தது 'இசுபைசு'. 1973 ஏப்பிரலில் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த மாநாட்டில் அஃது அறிவிக்கப்பெற்றது. 1975இல் இரண்டாம் பதிப்பும், 1989இல் சி மொழியில் மாற்றி எழுதப்பெற்ற மூன்றாம் பதிப்பும் வந்தன.

பீடர்சன் அன்று அதைப் பூட்டி வைத்திருந்தால் அவர் பல்கலைக்கழகத்திற்குப் பணம் வந்திருக்கும், அவ்வளவே. திறந்து விட்டதனால், படித்து வெளியேறிய மாணவர்கள் வேலைக்குச் சென்ற இடமெல்லாம் அதைக் கொண்டு சென்றனர். அது துறையின் பொதுமொழியாகவே ஆயிற்று. வணிக நிறுவனங்களும் அதை எடுத்துத் தத்தம் பெயரிட்டு, அடைத்து, விற்றன. 1984இல் தனியாள் கணினிக்கு வந்த 'பிசுபைசு' அத்தகையது. கொடுத்தவர் கை திறந்திருந்தது. எடுத்தவர் கை மூடிக்கொண்டது. இவ்வழி மூடப்படாதவாறு மூன்றாம் பதிப்பிலிருந்து வளர்த்தெடுக்கப்பெற்றதே இன்று இலினக்சில் ஓடும் 'எஞ்சிசுபைசு'. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு பேராசிரியர் கொண்ட பிடிவாதத்தின் பயனை, இன்று ஒரு காசும் செலவிடாமல், எந்த ஊர்ப் பள்ளி மாணவனும் தன் கணினியில் இறக்கி நுகர்கின்றான்.

பலகை வரைவில் அந்நிலை வர இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் ஆயின. பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் ஆசிரியராயிருந்த இழான் பியேர் சாராசு, 1992இல் 'கீகேட்' என்னும் வரைவியைத் தொடங்கினார். (ஈற்றில் உகரம் சேர்த்து எழுதுவதே தமிழ் மரபு, சேர்த்தால் பொருள் கேடாகின்றது. ஆகலின் இப்பெயர் மட்டும் ஒற்றீறாகவே இங்கு நிற்கட்டும்.) மின்சுற்று வரைபடம், அடித்தடம், பலகை, கெர்பர் எல்லாம் ஒரே குடையின்கீழ், பலகையின் அளவுக்கு வரம்பில்லை, உரிமம் கட்டற்றது. ஆயினும், நெடுங்காலம் அதைப் பெரிய வேலைக்கு ஆகாத சிறுவர் கருவி என்றே பலரும் ஒதுக்கினர். அவ்வெண்ணத்தை உடைத்தது செனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகம்.

அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் அவ்வாய்வகத்திற்குச் சுற்றுப் பலகைகள் மிகப் பல வேண்டும். தாம் வரைந்த பலகைகளை உலகோர் எடுத்து ஆளட்டும் என்று 2009இல் அங்குள்ள பொறியாளர்கள் ஒரு பொதுக் களஞ்சியம் தொடங்கினர். 2011இல் அதற்கெனத் திறந்த வன்பொருள் உரிமம் ஒன்றையும் எழுதினர். எழுதியபின்தான் இடர் விளங்கிற்று. வரைபடத்தைப் பொதுவில் வைத்தாயிற்று. அதைத் திறந்து பார்க்கவோ பெரும்பணம் கொடுத்து வாங்கவேண்டிய மூடிய மென்பொருள் வேண்டும்! பந்தலில் சோறு இட்டு, இலைக்குக் காசு கேட்டாற் போன்றது அது. ஆகவே, 2013 முதல் செர்ன் தன் பொறியாளர் உழைப்பைக் கீகேட்டில் இடத் தொடங்கியது. புதிதாக ஒரு செப்புத் தடத்தை இழுக்கும்பொழுது, குறுக்கே நிற்கும் பழைய தடங்கள் தாமே நெகிழ்ந்து விலகி வழிவிடும் ஏந்து, அவ்வாறு வந்தது. விலையுயர்ந்த மென்பொருள்களுக்கே உரியது என்று கருதப்பெற்ற ஏந்து அது. 2015இல் வெளிவந்த 4ஆம் பதிப்பில் எல்லார்க்கும் அது கிட்டிற்று. 2018இல் வந்த 5ஆம் பதிப்பில் எஞ்சிசுபைசு உள்ளேயே இணைந்தது. பெர்க்கிலியில் தோன்றிய ஆறு கிரெனோபிளில் தோன்றிய ஆற்றோடு கலந்தது. 2019 முதல் அம்முயற்சி இலினக்சு அறக்கட்டளையின் நிழலில் நடைபெறுகின்றது.

குறையே இல்லாத கருவி என்று இதனைப் புகழ்வது பொய்யாகும். பழைய பதிப்புகளில், உறுப்புக் களஞ்சியத்தில் ஒருவர் ஒரு குறியை மாற்றினால், முன்பு வரைந்த வரைபடங்களும் குலைந்தன. குறிகளை வரைபடக் கோப்பினுள்ளேயே வைத்துக்கொள்ளும் முறை 2021 இறுதியில் வந்த 6ஆம் பதிப்பில்தான் வந்தது. புதிய பதிப்பில் காத்த கோப்பைப் பழைய பதிப்பு திறவாது என்னும் தொல்லை இன்றும் உண்டு. கெடாவின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. உழைப்போர் குறைந்து அம்முயற்சி தளர்ந்தது. எனினும், அதன் நிரல் எவர் பெட்டியிலும் பூட்டப்படாததால், இலெப்டன் என்னும் பெயரில் வேறு சிலர் அதன் வரைபடக் கருவியை எடுத்து வளர்க்கின்றனர். தளர்வு கட்டற்ற மென்பொருளுக்கும் வரும். ஆனால், பிணத்தோடு சேர்த்து வீட்டையும் எரிக்கும் வழக்கம் அங்கில்லை.

ஈகிளின் கோப்புகளுக்கு உய்வு கிடைத்த கதையும் இங்குச் சொல்லத்தக்கதே. 2012ஐ ஒட்டி வந்த 6ஆம் பதிப்பில், அதன் ஆக்குநர்கள் கோப்பின் வடிவத்தை எவரும் படிக்கத்தக்க எழுத்து வடிவமாக மாற்றினர். அந்த ஒரு நற்செயலால்தான் கீகேட்டின் 5ஆம் பதிப்பு ஈகிள் கோப்பைத் திறந்து தன் வடிவுக்கு மாற்றக் கற்றுக்கொண்டது. அம்மாற்றம் முழுமையானதன்று, மாற்றியபின் அடித்தடங்களையும் தட அகலங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தே தீரவேண்டும். ஆயினும், பழைய உழைப்பு முற்றிலும் பாழாகாமல் தப்பியது. பழைய பதிப்புக் கோப்புகளை இன்னும் வைத்திருப்போர், ஈகிள் ஓடும் கணினி ஏதேனும் கையில் உள்ளபொழுதே, 6ஆம் பதிப்புக்குப் பிற்பட்ட ஒன்றில் திறந்து மறுபடி காத்து வைத்துக்கொள்வது அறிவுடைமை.

சில்லுத் துறையிலும் கதவு சிறிது திறந்துள்ளது. 2020இல் கூகுள் நிறுவனமும் இசுகைவாட்டர் என்னும் சில்லு ஆலையும் சேர்ந்து, 130 நானோமீட்டர் சில்லு வடிப்பதற்குரிய விதித்தொகுப்பை, வாய்ப்பூட்டு ஒப்பந்தம் ஏதுமின்றி வெளியிட்டன. அதுவரை ஆலையின் உள்விதிகளைக் காண்பதற்கே கையொப்பமிட்டு வாய் மூடவேண்டும். அவ்விதிகளைக் கொண்டு மாணவர்களும் தனியாட்களும் சில்லு வடிக்க உதவிய ஈபேபிளெசு என்னும் நிறுவனம், பணமின்றி 2025 மார்ச்சில் மூடப்பெற்றது. பணம் கட்டியோர்க்கும் வேலை இழந்தோர்க்கும் அது துயரே. ஆனால், அந்நிறுவனம் வளர்த்த வரைவுக் கருவியின் நிரல் திறந்தே கிடந்ததால், பிறர் அதை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்கின்றனர். ஈகிளை வைத்திருந்த நிறுவனம் வாழ்கின்றது; கருவி மாள்கின்றது. இங்கு நிறுவனம் மாண்டது, கருவி வாழ்கின்றது. இவ்விரண்டனுள் எது பொறியாளர்க்கு வேண்டுவது என்பதைக் கல்லூரிகளில் பாடத்திட்டம் வகுப்போர் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? விலையுயர்ந்த மென்பொருளின் திருட்டுப்படியில் மாணவர்க்குப் பயிற்சி அளிப்பது, களவையும் அடிமையையும் ஒரே பாடவேளையில் கற்பிப்பதாகும். நாளை அவன் தனித் தொழில் தொடங்கும்பொழுது, கற்ற கருவிக்கு உரிமம் வாங்கப் பணமிராது. கட்டற்ற கருவியோ கைப்பழகியிராது.

மாற்று ஏற்பாடு இல்லையென்று சொல்வதற்கில்லை. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், நடுவணரசின் கல்வித்துறைப் பணத்தில் நடக்கும் 'பாசி' முயற்சியினர், கீகேட்டையும் எஞ்சிசுபைசையும் ஒருங்கே பிணைத்து 'ஈசிம்' என்னும் கருவியை ஆக்கி வழங்குகின்றனர்; முன்பு அதற்கு 'ஆசுகேட்' என்று பெயர். அதே கழகத்தின் பேசும் பாடங்கள் வரிசையில், கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றுக்கான பயிற்சிகள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. ஆங்கில விளக்கத்தில் தடுமாறி நிற்கும் பல்தொழில் நுட்பப் பயிலக மாணவன் அவற்றைக் கேட்டுக்கொண்டே கையைப் பழக்கலாம். கருவியின் பட்டிகளையும் கட்டளைகளையும் தமிழாக்க விரும்புவோர்க்கும் எவர் வாயிலிலும் நின்று இசைவு கேட்கும் இழிநிலை இல்லை. உரிமமே அவ்வுரிமையைத் தருகின்றது. மூடிய மென்பொருளிலோ, விற்பனைக் கணக்குப் பார்த்து நிறுவனம் இரங்கினால்தான் ஒரு மொழிக்கு இடம்.

கீகேட்டில் இன்னொரு சிறு செய்தியும் உண்டு. பலகையின் மேற்பரப்பில், எந்த முனையில் எந்தக் கம்பி என்று வெண்மையால் அச்சிடும் எழுத்துகள் உள்ளனவல்லவா? அவற்றை நெடுங்காலம் கருவிக்குள்ளேயே இருந்த கோட்டெழுத்தில்தான் இடமுடிந்தது. 2023இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து, கணினியில் உள்ள எழுத்துருக்களையே பலகையில் இடலாம். 'நேர்', 'எதிர்', 'நீரேற்றி' என்று பலகையின்மேல் தமிழிலேயே எழுதலாம். எழுத்துகள் கெர்பர் கோப்பில் வெறும் வடிவங்களாகவே செல்வதால், பலகை செய்யும் ஆலை எந்நாட்டில் இருந்தாலும், அங்குத் தமிழ் எழுத்துரு இருக்கவேண்டிய தேவையும் இல்லை.